இடி இடித்தால் என்னை வெளியே போடுவார்கள்

இடி இடித்தால் வீட்டில் இருக்கிற இரும்பை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வானத்துக்கு இரும்பின் மேல் ஆசை. கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் வீட்டுப் பக்கம் வராது. போன ஐப்பசியில் முதல் இடி இடித்ததும் உலக்கையைப் போட்டார்கள். அரிவாளைப் போட்டார்கள். தேங்காய் துருவியைப் போட்டார்கள். அப்புறம் என்னைப் போட்டார்கள்.

நான் கோபப்படவில்லை. வரிசைப்படிதான் போட்டார்கள்.

ஆவணியில் எனக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. என் இருதயம் நடுநடுவே யோசனையில் ஆழ்ந்துவிடும். அப்போது பெட்டி அதைத் தட்டி எழுப்பும். இருவருக்கும் ஒத்துப்போயிற்று. எனக்குத்தான் அதனால் வீட்டில் இடம் இல்லாமல் போனது.

பாளையங்கோட்டையில் எங்களுடையது நாலு மாடிக் குடியிருப்பு. முற்றம் கிடையாது. அதனால் பின்பக்கத்து வெட்டவெளியை முற்றம் என்று வைத்துக்கொள்வதாகப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். முன்மொழிந்தவன் நான். அப்போது என் நெஞ்சில் எதுவும் இல்லை.

என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். ஒரு பக்கம் செயலாளர் பூதலிங்கம் பிடித்தார். மறுபக்கம் என் மனைவி வடிவு பிடித்தாள். அவள் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே வந்தது. அவளுக்கு இதில் விருப்பமில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வெட்டவெளியின் நடுவில் இறக்கினார்கள். பக்கத்தில் இரும்புக் குவியல். பீரோக்கள், சைக்கிள்கள், குக்கர்கள், ஒரு தையல் மிஷின்.

"வே பூதலிங்கம்," என்றேன். "இது இரும்பு இல்ல. டைட்டானியம்."

"அது இரும்புக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாது. ஒறவே கெடையாது."

"பாக்க எப்படி இருக்கும்?"

"வெள்ளையா, பளபளன்னு."

"எவர்சில்வரும் அப்படித்தான் இருக்கும். அதையும் போட்டாச்சு, பாத்துக்கிடும்."

பார்த்தேன். எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை குவியலின் உச்சியில் இருந்தது. அது என்னை விட நல்ல இடம்.

பூதலிங்கம் நியாயஸ்தர். சட்டைப் பையிலிருந்து ஒரு லாடக் காந்தத்தை எடுத்தார்.

"ஒட்டுனா இரும்பு. ஒட்டலன்னா நீரு மனுசன். எந்திரிச்சு உள்ள வாரும்."

"காந்தம் இந்தப் பெட்டி பக்கத்துல வரப்படாது வே. டாக்டரம்மா சொல்லியிருக்காவ."

"ஒட்டிரும்னு பயப்படுதீரு."

"ஒட்டாது. ஆனா வரப்படாது."

"ஒட்டாதுன்னா ஏன் வரப்படாது?"

"பெட்டி வேலை செய்யுத விதம் மாறிப்போவும்."

"காந்தத்தக் கண்டதும் மாறுதுன்னா அது இரும்புதான வே?"

பூதலிங்கம் கேள்வி கேட்டால் பதில் கிடைத்த சரித்திரமே இல்லை. அவர் போகிற போக்கில் நாற்காலிக் காலில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நின்றேன்.

வடிவு ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கையில் கொடுத்தாள்.

"சீனி போடாத காப்பி. ஆறதுக்குள்ள குடிங்க. நனையாதீங்க."

"எப்படி நனையாம இருக்கது?"

"ஓரமா நில்லுங்க," என்றாள். வெட்டவெளியில் ஓரம் என்று ஒன்று இருந்தால் நின்றிருப்பேன். அவள் போனாள். போகும்போது மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு மழை ஒத்துக்கொள்ளாது.

டாக்டரம்மா எஸ்தர் செல்வமலருக்குப் போன் போட்டேன். பெட்டி இடப்பக்கம் இருப்பதால் போனை வலக்காதில்தான் வைத்துக்கொள்வேன். அதுவும் அவர் சொன்னதுதான்.

"டாக்டரம்மா, என்னை வெளிய போட்டிருக்காங்க."

"இடி இடிக்குதா?"

"இடிக்குது."

"அப்ப உள்ள போங்க."

"உள்ளயிருந்துதான் போட்டாங்க."

"இந்தப் பெட்டி மின்னலை இழுக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல. பெட்டி இல்லாதவங்களுக்கு என்ன ஆபத்தோ அதே ஆபத்துதான் உங்களுக்கும். வெட்டவெளியில நிக்காதீங்க. மரத்தடியில நிக்காதீங்க. வீட்டுக்குள்ள போயிருங்க. இல்லன்னா கூரை உள்ள கார்ல ஏறிக் கதவை அடைச்சிருங்க. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளிய வராதீங்க."

"மேல விழுந்துட்டுன்னா?"

"உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். பெட்டியச் சோதிக்கணும்."

"நான் செத்துப்போயிருந்தா?"

"அப்பவும் வாங்க. ஆனா செவ்வாய்க்கிழமை வேண்டாம், நான் இருக்க மாட்டேன்."

என் நிலைமை தெளிவாகிவிட்டது. மின்னல் வருவதற்குள் உள்ளே போக வேண்டும். இரும்பு என்பதால் உள்ளே போகக் கூடாது. நான் இரண்டு பேர் சொல்லுக்கும் கட்டுப்பட்டவன்.

கட்டடத்தின் கொல்லைக் கதவைப் பார்த்தேன். கீழ்வீட்டு பேராச்சி மதினி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் வெளியே நீட்டியிருந்தாள். மழை அவள் முழங்காலில் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"என்ன மதினி, நீங்களும் இரும்பா?"

"முட்டி மட்டுந்தான் கொழுந்தனாரே. ரெண்டு முட்டியும் மாத்துனாகள்லா. அதான் முட்டிய வெளிய போட்டுட்டு நான் உள்ள இருக்கேன். நீங்களும் நெஞ்ச மட்டும் வெளிய வச்சுக்கிட்டு உள்ள உக்காரலாம்லா."

"தலையும் கூடவே வந்துருமே மதினி."

"தலைய உள்ள இழுத்துக்கிடுங்க. ஆமை இழுக்கலியா?"

இழுத்துப் பார்த்தேன். ஆமைக்கு வேறு வசதிகள் இருக்கின்றன.

அப்போது காம்பவுண்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். முழுக்கை வெள்ளைச் சட்டை. வகிடு எடுத்துச் சீவியிருந்தார். செருப்பிலிருந்து லேசாகப் புகை வந்தது. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு மூடி காப்பியை ஊற்றிக் குடித்து முடித்தேன். அப்புறம்தான் குரல் வந்தது. பாத்திரக்கடையைச் சாக்கில் போட்டு உருட்டிய மாதிரி.

"வணக்கம் சார்."

"அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்றாள் பேராச்சி மதினி, இடி கேட்டால் சொல்கிற மாதிரி, காதைப் பொத்திக்கொண்டு.

அதிலிருந்து அவர் மின்னல் என்று தெரிந்துகொண்டேன். மின்னலுக்கு ஆள் முந்தும், சத்தம் பிந்தும். ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன்.

அவர் கிட்டே வந்தார். மறுபடி உதட்டை அசைத்தார். இந்தத் தடவை ஒரு மூடி காப்பிக்கு நேரம் இல்லை. பாதி மூடியிலேயே குரல் வந்துவிட்டது.

"இடம் பாக்க வந்தேன்."

"இரும்பெல்லாம் அந்தப் பக்கம் அடுக்கியிருக்கு. பாத்து எடுத்துக்கோங்க. தையல் மிஷின் நல்லா ஓடும்."

அவர் குவியலைப் பார்த்தார். முகத்தில் அலுப்பு.

"எல்லா ஊர்லயும் இதையே எடுத்து வைக்கிறாங்க சார். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் என்ன பழைய இரும்புக் கடையா வச்சிருக்கேன்?"

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"உயரமா இருக்கணும். தனியா இருக்கணும். வெட்டவெளியில நிக்கணும். அவ்வளவுதான் சார் நம்ம எதிர்பார்ப்பு. சாதி மதம் பாக்கிறதில்லை."

என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நீங்க நல்ல உயரம்."

"குனிஞ்சா கம்மிதான்."

"குனிஞ்சாலும் நமக்குச் சம்மதம்."

"என் நெஞ்சுல ஒரு பெட்டி இருக்கு. அதுக்காகத்தான் கேக்கீங்களோ?"

"பெட்டியா? எந்தப் பெட்டி?" என்றார். "அதெல்லாம் நான் பாக்கிறதே இல்லை சார். இருக்கிறவங்க, இல்லாதவங்க எல்லாரும் நமக்கு ஒண்ணுதான்."

எனக்குச் சின்ன வருத்தம். ஆவணியிலிருந்து என்னைப் பார்க்கிற எல்லோரும் பெட்டியைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

மூலையில் தலை கருகிய தென்னை ஒன்று நின்றது. அவர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். "போன தடவை அங்கதான் தங்கினேன். வசதியான இடம்." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் முள் இல்லை. "இன்னும் ரெண்டு இடம் பாக்க வேண்டியிருக்கு. போயிட்டு வந்துடறேன். எங்கேயும் போயிடாதீங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மரியாதைக்காக நின்றிருப்பேன்.

கொல்லைக் கதவை நோக்கி நடந்தேன். வெட்டவெளி நீண்டது. மழைக்காலத்தில் அப்படித்தான். ஈரம் பட்டால் மரக்கதவு உப்பிக்கொள்ளும், மைதானம் மட்டும் உப்பக் கூடாதா? நான் வேகமாக நடந்தேன். அதுவும் வேகமாக உப்பியது. பேராச்சி மதினியின் முழங்கால்கள் வரவரச் சிறுத்து இரண்டு கடலைமணி மாதிரி தெரிந்தன.

வழியில் கார்கள் கிடந்தன. காரும் இரும்புதானே, ஷெட்டிலிருந்து தள்ளி வெளியே விட்டிருந்தார்கள். ஒரு காரில் பூமாலை சுற்றியிருந்தது. அதன் கதவு திறந்தது.

"ஏறுங்க. கதவ அடைங்க. கண்ணாடிய ஏத்துங்க. எதையும் தொடாதீங்க."

ஏறினேன். உள்ளே ஒரு மாப்பிள்ளை இருந்தார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கழுத்தில் காய்ந்த மாலை. பெயர் குற்றாலிங்கம் என்றார். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"கல்யாணம் எப்போ?" என்று கேட்டேன்.

"காலையில."

"எந்தக் காலையில?"

"அத இப்ப சொல்ல முடியல. கார்ல ஏறுனதும் இடி இடிச்சிட்டு. கடைசி இடிக்குப் பொறவு அரை மணி நேரம் கழிச்சுத்தான் இறங்கணும்னு சொல்லுதாவ."

"சரிதான். எங்க டாக்டரம்மாவும் அதான் சொன்னாவ."

"அரை மணி ஆகப்போற நேரத்துல ஒண்ணு உறுமும். மறுபடியும் மொதல்லருந்து. நான் ஏறும்போது மீச கறுப்பு."

நான் முப்பது வருஷம் கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தவன். தாமதமாக வந்த மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தாமதம் பார்த்ததில்லை.

"பொண்ணு?"

"மண்டபத்துலதான் இருக்கா. நல்ல காங்கிரீட் மண்டபம். பயம் இல்ல. தெனம் போன்ல பேசிக்கிடுதோம்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "ரெண்டு பிள்ளைய இருக்கு."

"படிக்காங்களா?"

"மூத்தவன் பாலிடெக்னிக்."

கார் சௌகரியமாக இருந்தது. மேலே கூரை, நாலு பக்கமும் கண்ணாடி. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டி நிம்மதியாக வேலை பார்த்தது. இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கும் பேச்சுத் துணை ஆகும்.

அப்போது கொல்லைக் கதவு வழியாக வடிவு வெளியே வந்தாள்.

பேராச்சி மதினியின் முழங்கால்களைத் தாண்டி வந்தாள். குடை இல்லை. கையில் ஒரு மாத்திரை அட்டை. அவளுக்கு மைதானம் நீளவில்லை. நேராக நடந்து, என்னைப் போட்ட அதே இடத்தில் வந்து நின்றாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பின்னாலேயே பூதலிங்கம் ஓடிவந்தார்.

"ஏ தங்கச்சி! நீங்க எங்க போறிய? நீங்க இரும்பு இல்லையே!"

"யாரு சொன்னா? இரும்புச் சத்து மாத்திர நான் எத்தன வருசமா முழுங்குதேன். தெனம் ஒண்ணு. உள்ள எம்புட்டு சேந்திருக்கும்? அவுகள ஒரு தீப்பெட்டிக்கு வெளிய போட்டிய. என்னைய மட்டும் எதுக்கு உள்ள வச்சிருக்கிய?"

"மாத்திர இரும்பு ஆவுமா தங்கச்சி?"

"ஒதட்டக் கடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. ரத்தம் என்ன ருசியா இருக்கு?"

பூதலிங்கம் நியாயஸ்தர் என்று சொன்னேன் அல்லவா. உதட்டைக் கடித்துப் பார்த்தார். நாக்கைச் சுழற்றினார். முகம் மாறியது.

"ஆணி ருசி," என்றார்.

கேட்டுக்கு அப்பால் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் மற்ற இடங்களைப் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வடிவைப் பார்த்தார். உதடு அசைந்தது. என் கையில் காப்பி இல்லை, அதனால் பெருமூச்சால் அளந்தேன். ஒரு பெருமூச்சு முடிவதற்குள் குரல் வந்துவிட்டது.

"அம்மா உயரம் கம்மிதான். ஆனா தனியா நிக்கிறாங்க."

நான் காரின் கதவில் கை வைத்தேன்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்லா," என்றார் குற்றாலிங்கம். "இன்னும் அரை மணி ஆவல."

"எம்பொஞ்சாதி அங்கன நிக்கா."

"எம்பொஞ்சாதியும்தான் மண்டபத்துல நிக்கா. நான் இறங்குனேனா?"

அவர் மீசையைப் பார்த்தேன். இறங்கினேன்.

இந்தத் தடவை மைதானம் நீளவில்லை. அதற்கும் வெட்கம் இருக்கும் போல.

"வடிவு, கார்ல போய் ஏறு."

"மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நானா? ஊரு என்ன சொல்லும்?"

"அப்ப வீட்டுக்குப் போ."

"நீங்க வாரியளா?"

"நான் இரும்புலா."

"நானுந்தான்." மழையைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள இங்கன போட்டுட்டு அங்க உக்காந்து டிவி பாக்க முடியல."

"கரண்ட் போயிட்டா?"

"இருக்கு. பாக்கத்தான் முடியல."

வடிவு என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி வெகுகாலம் ஆகிறது. ஒதுங்க இடம் இருந்தால் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இதற்குள் பூதலிங்கம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கைகளை வாயருகே குவித்துக் கட்டடத்தைப் பார்த்துக் கத்தினார். ரத்தம் உள்ளவர்கள் எல்லோரும் வெளியே வர வேண்டும். விதி என்றால் விதி.

எங்கள் குடியிருப்பில் கட்டுப்பாடு அதிகம். நாலு மாடியும் இறங்கி வந்தது. போர்வை போர்த்தியவர்கள், சோப்பு நுரையோடு வந்தவர்கள், பாதிச் சாப்பாட்டில் கை கழுவாமல் வந்தவர்கள். எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஒருவர் மட்டும், குழம்பில் உப்புக் குறைவு என்று பொதுவாகச் சொன்னார்.

வெள்ளைச் சட்டை நின்று எங்களைப் பார்த்தது. கடையில் எந்தப் புடவையை எடுப்பதென்று தெரியாதவர் மாதிரி குழம்பியது.

"அப்பம் கட்டடம்?" என்றாள் பேராச்சி மதினி. அவள் மட்டும் நிலைப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. "தூணுக்கு கம்பி கட்டும்போது நான் பாத்தேன். வெரல் தண்டிக் கம்பி. அத என்ன செய்யப் போறிய?"

பூதலிங்கத்தின் முகம் வெளுத்தது. இத்தனை வருஷம் இவ்வளவு இரும்பை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருக்கிறோம்.

"தூக்குங்க," என்றார்.

ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தோம். மூலை கிடைக்காதவர்கள் ஜன்னலைப் பிடித்தார்கள். கட்டடம் அவ்வளவு கனம் இல்லை. உள்ளே இருந்த சாமான்களை ஏற்கெனவே வெளியே போட்டாயிற்று அல்லவா.

"ஏலே மெதுவா! முட்டி, முட்டி!" என்றாள் பேராச்சி மதினி, நிலைப்படியோடு மேலே போனபடி.

வெட்டவெளியின் நடுவில் கொண்டுவந்து இறக்கினோம். இறக்கி முடித்தபோது நாங்கள் எல்லோரும் அதற்குள் இருந்தோம். வேறு இடம் இல்லை. பீரோக்களும் குக்கர்களும் அவரவர் வீட்டில் பழைய மூலைக்கே வந்திருந்தன. நான் எங்கள் கூடத்தில் நின்றேன். இட்லிக் கொப்பரை அடுப்பின் மேல் இருந்தது. தலைக்கு மேல் கூரை. ஜன்னல் கம்பியிலிருந்தும் குழாயிலிருந்தும் வடிவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நான் உள்ளே வந்துவிட்டேன். விதியையும் மீறவில்லை. நாங்கள் எல்லோரும் வெளியேதான் இருந்தோம்.

படியிறங்கிக் கொல்லைக் கதவுக்குப் போனேன்.

"மதினி, கால உள்ள இழுத்துக்கிடுங்க."

"விதி?"

"வீடே வெளியதான் இருக்கு."

"அட, ஆமா," என்று இழுத்துக்கொண்டாள்.

பூதலிங்கத்தைக் காணோம். கட்டடம் முன்பு இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஈர மண்ணில் ஒரு பெரிய செவ்வகம் மட்டும் இருந்தது. அதன் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு பூதலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"வே!" என்று கத்தினேன். "அங்க என்ன செய்யுதீரு? இங்க வாரும்!"

"நான் வரப்படாது வே. போன மாசம் ரத்தப் பரிசோதனை செஞ்சேன். எனக்கு இரும்பு ரொம்பக் கம்மி. இரும்பு இல்லாதவன் உள்ளதான் இருக்கணும். நான் உள்ள இருக்கேன்."

"ஆணி ருசின்னு சொன்னீரே!"

"லேசாத்தான் அடிச்சுது."

"அங்க உள்ளன்னு ஒண்ணும் இல்ல வே!"

"இருக்கு. நான் இருக்கேம்லா."

வாழ்க்கையில் அவரை யாரும் வாதத்தில் ஜெயித்ததில்லை. மழை அவர் வழுக்கையில் தாளம் போட்டது. சுற்றிலும் வெட்டவெளி. அதில் உயரமாக இருந்தது அவர் தலை ஒன்றுதான்.

வெள்ளைச் சட்டைக்காரருக்குக் குழப்பம் தீர்ந்துவிட்டது. நேராக அவரிடம் போனார். உதட்டை அசைத்தார். நான் கண்ணைச் சிமிட்டினேன். சிமிட்டி முடிப்பதற்குள் குரல் வந்தது.

"சாருக்கு வேற அவசர வேலை ஏதும் இல்லையே?"

வடிவு என் பின்னால் வந்து நின்றாள். கையிலிருந்த மாத்திரை அட்டையை வீசினாள். முப்பது வருஷமாக அவள் எதை வீசினாலும் என் மேல்தான் விழும். அன்று பூதலிங்கத்தின் மடியில் போய் விழுந்தது.

"அண்ணாச்சி! ஒண்ணு முழுங்குங்க!"

பூதலிங்கம் அட்டையை எடுத்தார். திருப்பினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காலாவதித் தேதியைப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை. பக்கத்தில் நின்றவர் கையை நீட்ட, அந்த வெளிச்சத்தில் படித்தார். நன்றி என்றார்.

"தேதி இருக்கு," என்று கத்தினார். "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"எதானா என்ன? முழுங்கும் வே!"

"நான் இன்னும் சாப்பிடல. பின்னன்னா முழுங்கப்படாது."

"வெறும் வயித்துலதான் நல்லாப் பிடிக்கும் அண்ணாச்சி!" என்றாள் வடிவு.

"அப்ப சரி."

ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டார். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். மழையைத் தண்ணீராகக் குடித்து விழுங்கினார். மாத்திரை தொண்டையில் இறங்குவது எங்களுக்கே தெரிந்தது. பூதலிங்கம் இரும்பானார். உள்ளே இருக்கும் தகுதியை இழந்தார். நாற்காலியை விட்டு எழுந்து, இரும்புக்குரிய இடத்தை நோக்கி ஓடத் தொடங்கினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. பேராச்சி மதினி ஒதுங்கி வழி விட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துக் கதவை அடைத்தேன்.

வெளியே ஒரு குரல். இந்தத் தடவை உதடும் குரலும் ஒன்றாக வந்தன. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது.

வெள்ளை போனதும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நாற்காலி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குட்டை ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். காருக்குள் குற்றாலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அப்புறம் சத்தமே இல்லை. அவ்வளவு அமைதியை எங்கள் குடியிருப்பில் நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வே," என்றார் பூதலிங்கம் மெதுவாக. "எனக்கு நின்னுட்டு."

"எது?"

"உள்ள. துடிக்கல. அதிர்ச்சியில நின்னுட்டு."

"எனக்கும்," என்றாள் பேராச்சி மதினி. நாலு மாடியும் தலையாட்டியது. யார் மேலும் எதுவும் விழவில்லை. பயத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டிருந்தது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அது என் சட்டைக்குள்ளிருந்து வந்தது. என் இருதயமும் நிற்கத்தான் பார்த்திருக்கிறது. பெட்டி விடவில்லை.

"டாக்டரம்மாவக் கூப்பிடும்," என்றார் பூதலிங்கம்.

"செவ்வாய்க்கிழமை பொறந்துட்டு வே."

வடிவு என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். ஈரத் தலையைச் சாய்த்துக் காதை என் நெஞ்சில் வைத்தாள். கவனமாகக் கேட்டாள். அவள் விரல்கள் என் கையில் மெல்லத் தாளம் தட்டின. பெட்டி தட்டினால் அவளும் தட்டினாள். சிறிது நேரத்தில் அவளுக்குள் ஒன்று முனகி, இருமி, ஓடத் தொடங்கியது.

பேராச்சி மதினி பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பூதலிங்கம். பூதலிங்கத்துக்குப் பின்னால் குழம்பில் உப்பு இல்லை என்றவர். வரிசை கீழ்வீட்டுக் கூடத்தைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, படிக்கட்டில் ஏறியது. எங்கள் வராந்தா அவர்களுக்கு இடம் விட்டு நீண்டுகொடுத்தது.

"சீக்கிரம் தங்கச்சி," என்றார் பூதலிங்கம். "எனக்கு நின்னு ரொம்ப நேரமாச்சு."

"இருங்க அண்ணாச்சி. எனக்கு இன்னும் பிடிபடல," என்றாள் வடிவு.

அவளுக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது. அது எனக்குத் தெரியும். என் கையில் அவள் நாடி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பூதலிங்கத்திடம் சொல்லவில்லை.